லத்தி பார்த்து நோய் சொன்ன காலம்

சங்ககிரியை வெளியூர்க்காரர்கள் இன்றைக்கு லாரியை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். எந்தப் பக்கமிருந்து ஊருக்குள் நுழைந்தாலும் பட்டறை, டயர் கடை, பெயிண்ட் வாசனை, வெல்டிங் வெளிச்சம். ஆனால் தலை நரைத்த உள்ளூர்க்காரர் ஒருவரைக் கோட்டை மலை தெரிகிற டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, ‘ரயிலடியில அப்பெல்லாம் என்னங்க நிக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். 1963-ல் சிமெண்ட் ஆலை வந்தது, பிறகு டவுன் பஸ் வந்தது, ஆட்டோ வந்தது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்டிப் போய், ரயிலடி மரத்தடியில் புல்லை மென்றபடி நின்ற ஜட்கா குதிரைகளிடம்தான் அவர் பேச்சு போய் நிற்கும்.

ஜட்காவில் ஏறியவர்களுக்கு அதன் சுகம் மறக்காது. பச்சைப் புல்லைப் பரப்பி மேலே சாக்கை விரித்திருப்பார்கள். உட்கார்ந்தால் மெத்தென்று அமுங்கும். வெயில் ஏற ஏறப் புல் வாசனையும் தோல் வார் வாசனையும் கலந்து வரும். வண்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் ஓடி மறைகிற ஊரைப் பார்த்தபடி காலைத் தொங்கவிட்டு வருகிற அந்த ஆனந்தம் எந்தக் காரிலும் கிடைக்கவில்லை. ஏறிய மறு நிமிடமே வண்டிக்காரர் குரல் கொடுப்பார். ‘முன்னால தள்ளி உக்காருங்கம்மா, பின்பாரமா இருக்குது.’ எல்லாரும் முன்னால் நகர்ந்ததும், ‘முன்பாரம் ஆயிருச்சு, கொஞ்சம் பின்னால.’ ஊர் சேரும்வரை இந்த முன்னும் பின்னும் ஓயாது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அது வண்டி குடை சாயாமல் இருக்கச் சொல்வது என்றுதான் நாங்கள் சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டிருந்த வண்டிக்கார பாய்தான் ஒருநாள் காரணம் சொன்னார். பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே தூக்கும். வயிற்றைச் சுற்றிக் கட்டிய வார் அடிவயிற்றை அறுக்கும். முன்பாரம் ஏறினால் அத்தனை கனமும் முதுகில் இறங்கி, சேணம் உரசி, தோல் வழன்று புண்ணாகும். ‘வண்டி நேரா நின்னா குதிரைக்கு நோகாது தம்பி. அதுக்குத்தான் இந்தக் கத்துக் கத்தறேன்.’ இழுவைக்கும் பொதிக்குமான விலங்குகளுக்கென்று மத்திய அரசு 1965-ல் போட்ட விதிகளில், வெயில் 37 டிகிரியைத் தாண்டுகிற ஊர்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை அவற்றை வேலை வாங்கக் கூடாது என்று இருக்கிறது. பாய் அந்த விதியைப் படித்திருக்க வழியில்லை. சித்திரை வைகாசியில் உச்சி வெயில் ஏறியதும் ஏர்க்காலை இறக்கிவிட்டுக் குதிரையை நிழலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். எந்த ரயில் வந்தாலும் சரி, எவ்வளவு கூலி கொடுத்தாலும் சரி.

விடியற்காலையில் அவர் குதிரையைப் பார்க்கிற அழகைப் பார்க்கவே நான் எழுந்து போய் நிற்பேன். பெயர் ராணி, செவலை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. முதலில் தூரத்திலிருந்தே பார்ப்பார், கிட்டே போகமாட்டார். காது எப்படி நிற்கிறது, எந்தக் காலை ஊன்றாமல் தளர்த்தி வைத்திருக்கிறது, ராத்திரி போட்ட தட்டில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணாலேயே கணக்கெடுத்த பிறகு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, அந்தக் கையை எடுக்காமலே கால் நெடுக இறக்கிக்கொண்டு வருவார். முழங்காலிலோ கணுவிலோ குளம்பிலோ சூடு தட்டினால் கை அங்கேயே நின்றுவிடும். குளம்பைத் தூக்கி மடியில் வைத்து, இடுக்கில் மாட்டிய கல்லைக் கொக்கியால் நெம்பி எடுப்பார். கடைசியாக லத்தியைப் பார்ப்பார். எத்தனை இடத்தில் போட்டிருக்கிறது, உருண்டையாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, கொள்ளு செரிக்காமல் அப்படியே வந்திருக்கிறதா. ‘குதிரை பேசாது தம்பி, லத்தி பேசும். லத்தி நின்னா குதிரை நின்னுச்சுன்னு அர்த்தம்.’

நொண்டலைக் கண்டுபிடிக்க அவர் காலைப் பார்க்கமாட்டார், தலையைப் பார்ப்பார். குதிரையைச் சீராக ஓட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பார். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படுகிறபோது குதிரை தலையைச் சட்டென்று மேலே தூக்கும், நல்ல கால் படுகிறபோது தலை இறங்கும். வலிக்கிற காலில் கனம் விழாமல் அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிற விதம் அது. இன்றைக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு நொண்டல் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறபோது இதையேதான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாய்க்கு அதுகூட வேண்டியதில்லை. வேறு வண்டி தெருமுனையில் திரும்புகிறபோதே தார் ரோட்டில் விழுகிற குளம்புச் சத்தத்தை வைத்து, ‘அவன் குதிரைக்கு லாட ஆணி சதையில ஏறியிருக்குது’ என்பார். லாடம் அடித்த மறுநாள் நொண்டினால் குளம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்து, ஆணியைப் பிடுங்கச் சொல்லி, அந்த ஓட்டையில் வேப்பெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவார். ரணஜன்னி குதிரையை எத்தனை சீக்கிரம் பிடிக்கும் என்பது அந்தத் தொழில்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். தடுப்பூசிதான் கைக்கு எட்டவில்லை.

மழை பொய்த்த ஒரு வருஷம். புல் கிடைக்கவில்லை, காய்ந்த சோளத்தட்டுதான் தீவனம், தண்ணீரும் அளவு. ஒரு ராத்திரி ராணி முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டே இருந்தாள். திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தாள். படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்துப் புரளப் பார்த்தாள். கழுத்தும் தொடையும் வியர்த்து நனைந்துவிட்டன. மேலுதடு சுருண்டு சுருண்டு விரிந்தது. பாய் லாந்தரை என் கையில் கொடுத்துவிட்டு, அவள் விலாவில் காதை வைத்தார். ஒரு பக்கம் கேட்டார், சுற்றி வந்து மறு பக்கம் கேட்டார். குடல் ஓடுகிற சத்தம் எப்போதும் கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் ஆபத்து என்பது அவருக்கு அவர் அத்தா சொன்ன பாடம். எங்கள் அய்யனிடம், ‘உள்ள சத்தமே காணோமுங்க’ என்று சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது.

சுக்கு, ஓமம், பெருங்காயம் தட்டிப் போட்டு, வெல்லமும் விளக்கெண்ணெயும் சேர்த்து, மூங்கில் கொட்டத்தில் ஊற்றிக் கொண்டுவந்தார்கள். தலையை ரொம்பத் தூக்கவிடமாட்டார் பாய். கடைவாயில் கொட்டத்தை நுழைத்து ஒரு மடக்கு ஊற்றுவார், அவள் விழுங்குகிறவரை காத்திருப்பார், இருமினால் உடனே தலையை இறக்கிவிடுவார். பிறகு நடைதான். புரண்டு படுக்க விடாமல், கோட்டை அடிவாரச் சாலையில் அவர் ஒரு நடை, அவர் மகன் ஒரு நடை, எங்கள் அய்யன் ஒரு நடை. எனக்கு லாந்தர் பிடிக்கிற வேலை. கிழக்கு வெளுக்கிற நேரத்தில் ராணி வாலைத் தூக்கி, கல்லுக் கல்லாக நாலைந்து உருண்டை லத்தி போட்டாள். பாய் தலைத்துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எங்கள் ஆத்தா போட்ட வரக்காப்பியை அன்றைக்கு எல்லாரும் தெருவில் நின்றே குடித்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல செய்திகளைக் கேட்டிருக்கிறேன். லத்தி விழுந்த செய்திக்கு ஒரு தெருவே சிரித்ததை மறுபடி பார்க்கவில்லை.

இன்றைக்கு அதே வயிற்றுவலி வந்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேருகிற இடத்துத் தசை அத்தனை இறுக்கம். உள்ளே போனது முன்னேதான் போக வேண்டும், போகாவிட்டால் இரைப்பை வெடிக்கிற அளவுக்கு உப்பும். ஆகவே மூக்கு வழியாக ஒரு குழாயை இரைப்பைக்கு இறக்கி, தேங்கியதை வெளியே எடுத்து, மருந்தையும் அதன் வழியே விடுகிறார்கள். நாடியை எண்ணுகிறார்கள்: ஓய்வில் நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28-லிருந்து 44 வரை துடிக்க வேண்டும், 60-ஐத் தாண்டி நின்றால் வலி கடுமை. ஈறு வெளிர் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அமுக்கி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப்பை விலாவில் இரண்டு பக்கமும் வைத்துக் கேட்கிறார்கள். பிறகு வலி தணிகிற ஊசி போடுகிறார்கள். கொட்டத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. தலையைத் தூக்கி வைத்து ஊற்றுகிற மருந்து நுரையீரலில் இறங்கி, வயிற்றுவலியில் பிழைத்த குதிரை நிமோனியாவில் சாவதுண்டாம். பாய் ஒவ்வொரு மடக்குக்கும் காத்திருந்தது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இன்னொன்றும் சொன்னார். ஊசி போட்டதும் வலி அடங்கி குதிரை தெளிந்துவிடும். குடல் முறுக்கியிருந்தால் முறுக்கு அப்படியே உள்ளே இருக்கும். அதனால் ஊசி போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது, பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும்.

பழைய காலம் முழுக்கவும் இப்படிக் கண்ணும் காதும் கனிவுமாக இருந்தது என்று நான் சொன்னால் அது பொய். சூடு போடுவதை நான் பார்த்திருக்கிறேன். முழங்கால் வீங்கினால் சூடு, தோள் இறங்கினால் சூடு, மாடு வண்டியில் படுத்துவிட்டால் சூடு. காய்ச்சிய கம்பியைக் கோடு கோடாக இழுக்கிறபோது எழுகிற முடி கருகும் நாற்றமும், நாலு பேர் அமுக்கிப் பிடித்த குதிரை போட்ட கனைப்பும் இந்த வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை. செய்தவர்கள் கொடியவர்கள் இல்லை. அதில் குணமாகும் என்று மனதார நம்பினார்கள். சீமையிலும் இதே நம்பிக்கைதான். பந்தயக் குதிரைகளின் கால் நரம்புக்குச் சூடு போடுவதை அங்கே படித்த மருத்துவர்களே செய்துகொண்டிருந்தார்கள். 1980-களில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, அதனால் ஒரு நன்மையும் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. சூடு பட்ட குதிரைக்கு நொண்டல் குறைந்ததற்குக் காரணம், புண் ஆறுகிறவரை அதைக் கட்டுத்தறியில் விட்டு ஓய்வு கொடுத்ததுதான். அந்த ஓய்வைச் சூடு இல்லாமலே கொடுத்திருக்கலாமே என்று நினைக்கிறபோது நெஞ்சு கனக்கிறது.

ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு மாட்டாஸ்பத்திரி என்றுதான் பேர், இன்றைக்கும் அதுதான் பேர். முன்னால் இரும்புக் குழாயில் அடித்த ஒரு சட்டம் நிற்கும். மாட்டை அதற்குள் நிறுத்தித்தான் ஊசி. குதிரையை அங்கே கொண்டுபோனால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். நாயைக் கொண்டுபோனவரை நான் பார்த்ததே இல்லை. பூனையைக் கேட்கவே வேண்டாம். பாலும் ஏரும் கொடுக்கிற ஜீவனுக்கு மருந்து உண்டு, மற்றதெல்லாம் தானாகத் தேற வேண்டும் அல்லது தானாகப் போய்ச் சேர வேண்டும். நாய் அருகம்புல்லைத் தின்று கக்கினால் அதுவே வைத்தியம். புண்ணில் புழு வைத்தால் சீத்தா இலையைக் கசக்கிச் சாறு பிழிவார்கள். புழு நெளிந்து நெளிந்து வெளியே விழும். அது உண்மையிலேயே நல்ல வைத்தியம்.

சொறி பிடித்தால்தான் கஷ்டம். லாரி ஊர் அல்லவா, பட்டறையில் கழிந்த எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கன்னங்கரேலென்ற அந்த எண்ணெயை உடம்பு முழுக்கத் தடவி விடுவார்கள். நாய் அதை நக்கும். நக்கியது வயிற்றுக்குள் போகும். சொறி போகிறதற்கு முன்னால் நாய் போய்விடும். இப்போது தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பூச்சியைப் பார்த்து, அதற்கேற்ற மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு மாதத்தில் முடி முளைத்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே இந்தக் காலத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நாய்க்கு வருகிற நோயில் நாங்கள் எல்லாரும் அறிந்திருந்தது வெறிநோய் ஒன்றைத்தான், அதுவும் எங்களுக்கு வருமே என்கிற பயத்தில். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளைத் தெருநாயிடமிருந்து தள்ளி வைத்த மந்திரம். 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. இப்போது அந்த மருந்தே கிடையாது; கையில் போடுகிற சில ஊசியோடு முடிகிறது. ஆனால் ஊசி சுலபமானதும் அறிகுறியைக் கவனிக்கிற பழக்கம் போய்விட்டது. குரல் மாறிக் கம்முகிறது, தாடை தொங்கி எச்சில் வடிகிறது, பழகிய ஆளையே அடையாளம் தெரியாமல் வெறிக்கிறது, வெளிச்சத்தைக் கண்டு மூலையில் ஒதுங்குகிறது என்றால் அந்த நாயைத் தொடக் கூடாது என்பது எங்கள் ஆத்தாவுக்குத் தெரிந்திருந்தது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது பாவம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மிளகாயை அரைத்து வைத்துக் கட்டுவார்.

இன்றைக்கு எங்கள் தெருவில் நாய் வாசலில் படுப்பதில்லை, சோபாவில் படுக்கிறது. அதற்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது, பிறந்த நாள் இருக்கிறது, கேக்கும் வெட்டுகிறார்கள். எனக்கு இதில் சந்தோஷம்தான். ரத்தக் கழிச்சலில் குட்டிகள் வரிசையாகச் சாகிறதைப் பார்த்தவன் நான். 1978 வாக்கில்தான் அந்தப் பார்வோ கிருமி உலகத்துக்கே தெரிய வந்தது, எங்கள் ஊருக்கு வந்தபோது அதற்குப் பெயர்கூட இல்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்த நாயை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. பகலெல்லாம் பூட்டிய வீடு, ராத்திரியில் ஆளுக்கொரு போன். வழக்கமாக ஏறுகிற மாடிப்படியில் ஏறாமல் கீழேயே நிற்கிறது, ராத்திரி காரணமில்லாமல் மூச்சிரைக்கிறது, ஒரே கணுவை நக்கி நக்கி முடி உதிர்ந்திருக்கிறது, தொட்டால் உறுமுகிறது, பின்பக்கத்தைத் தூக்கி முன்பக்கத்தைத் தரையில் அழுத்தி மண்டியிட்ட மாதிரி நிற்கிறது. இதெல்லாம் வலி. ‘வயசாயிருச்சுங்க, அதான் சோம்பேறியாயிருச்சு’ என்கிறார்கள். அந்தச் சோம்பலில் பாதி மூட்டுவலி. மருந்து கொடுத்தால் கிழ நாய் மறுபடி வாசல்வரை வந்து வாலாட்டுகிறது. மூக்கு ஈரமாக இருந்தால் நோயில்லை என்று நாங்கள் நம்பியதும் சரியில்லை; நல்ல நாய்க்கும் தூங்கி எழுந்தால் மூக்கு காய்ந்திருக்கும். தெர்மாமீட்டர்தான் சொல்லும்: நாய்க்கு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் உடம்பை வைத்துக் கணக்குப் போட்டால் நல்ல நாய்க்கும் காய்ச்சல்தான்.

பூனை விஷயத்தில் மட்டும் கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கொடுக்கிற பாராசிட்டமால் மாத்திரையில் கால் துண்டைப் பூனைக்குக் கொடுக்கிற அன்பான வீடுகள் இருக்கின்றன. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றுகிற சக்தி கிடையாது. ரத்தம் பழுப்பேறி, மூச்சுத் திணறிச் செத்துப்போகும். பூனை வலியை மறைக்கிற ஜாதி. கத்தாது. மதில் மேல் தாவுவதை நிறுத்தும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தும், குறுகி உட்கார்ந்து கண்ணைச் சுருக்கும். சொகுசில் மட்டுமல்ல, வலியிலும் அது குர்குர் என்னும். கடுவன் பூனை மூத்திரத்துக்கு முக்கிக்கொண்டே இருந்து ஒன்றும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பாய் தூரத்தில் நின்று பார்த்த அந்தப் பார்வையை 2014-ல் இத்தாலியின் மிலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் கூட்டாளிகளும் அளவுகோலாக்கிவிட்டார்கள். குதிரையின் முகத்தில் ஆறு இடம்: காது பின்னால் விறைப்பது, கண் இடுங்குவது, கண்ணுக்கு மேலே எலும்புப் பக்கம் இறுகுவது, தாடைத் தசை புடைப்பது, வாய் இறுகி மோவாய் துருத்துவது, மூக்குத் துளை விடைப்பது. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். 2019-ல் மாண்ட்ரியாலில் பூனைக்கும் இதேபோல் ஒன்று வந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாததால் ஓர் உயிருக்கு வலியே இல்லை என்று ஆகாது என்பதை 2020-ல் உலக வலி ஆய்வுச் சங்கம் தன் விளக்கத்திலேயே சேர்த்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பெரிய நிறைவாக இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொட்டகையில் கண்டதை இனி யாரும் வண்டிக்காரன் பேச்சு என்று தள்ள முடியாது.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு முடிந்தபோதெல்லாம் போய்விடுவேன். அந்தக் குதிரைச் சந்தையைத் திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடப்பதாகச் சொல்வார்கள். பக்கத்தில் பர்கூர் மலைமாடுகள் செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு நிற்கும். மார்வாரியும் கத்தியவாரியும் காது நுனி இரண்டும் ஒன்றையொன்று தொடும்படி வளைத்துக்கொண்டு நிற்கும். பாயோடு போன காலத்தில் அவர் பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார், சுழி பார்ப்பார், பிறகு விலை பேசாமல் அந்தக் குதிரையின் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பார். என்ன பாய் பார்க்கறீங்க என்றால், ‘அது நம்மளப் பாக்குதான்னு பாக்கறேன்’ என்பார். நோகிற குதிரை ஆளைப் பார்க்காது, தனக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது மேளத்துக்கு ஆடுகிற குதிரையைச் சுற்றிப் போன்கள் ஓங்கி நிற்கின்றன. ஆட்டம் பிரமாதம்தான். ஆனால் வாயைக் கொஞ்சம் பாருங்கள். முள் வைத்த கடிவாளம் கூடாது என்று அதே 1965 விதிகளில் இருக்கிறது. இருந்தும் கடைவாயில் ரத்தம் கசிகிற குதிரையை நான் சந்தையில் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

வலி தணிக்கிற மருந்தே ஓர் இனத்தைக் கொண்டுபோன கதையும் இந்த நாட்டில்தான் நடந்தது. என் சின்ன வயதில் ஊருக்கு வெளியே மாடு செத்துக் கிடந்தால், எங்கிருந்தோ பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டு இறங்கும். ஒரு பொழுதில் எலும்பு மட்டும் மிஞ்சும். 1990-களில் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி மலிவாகக் கிடைத்தது. படுத்த மாடு எழுந்தது, நொண்டிய மாடு நடந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். ஊசி போட்டும் பிழைக்காத மாட்டின் இறைச்சியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்து விழுந்தன. காரணம் 2004-ல்தான் தெரிந்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போது அவற்றைப் பார்க்க மோயாறு பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். கழுகைக் கொல்லாத மெலாக்ஸிகாம் இருக்கிறது. மாட்டுக்கு வலி மருந்து எழுதுகிறபோது அதுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது எங்கள் பக்கத்துக்குப் பெரிய பாக்கியம். கோழிக்காகவே வந்த கல்லூரி என்று அப்போது பேசிக்கொண்டார்கள். இன்றைக்கு அதன் ஆஸ்பத்திரித் திண்ணையில் ஆடும் நாயும் எருமையும் பூனைக்கூடையும் அடுத்தடுத்துக் காத்திருக்கின்றன; எக்ஸ்ரே இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது. ஊருக்குள்ளேயே 1962-க்குப் போன் செய்தால் வண்டி வாசலுக்கு வருகிறது. பாய் இருந்திருந்தால் இந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருப்பார்.

போன மாதம் பக்கத்து வீட்டு நாய்க்கு நொண்டல். ராத்திரியெல்லாம் காலைத் தூக்கிக்கொண்டு நின்ற நாய், மருத்துவர் முன்னால் நாலு காலையும் ஊன்றி நிமிர்ந்து நின்றது. புது இடம், புது ஆள் என்றால் பயத்தில் வலியை மறைப்பது மிருகங்களின் சுபாவம். ‘வீட்டுல எப்படி இருந்துச்சுங்க? எந்தக் கால்? எந்திரிக்கறப்பவா, நடக்கறப்பவா?’ என்று அந்த டாக்டரம்மா கேட்க, கூடப் போன பெரியவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டாவது படிக்கிற பையன்தான் போனை எடுத்து நீட்டினான். முந்தின ராத்திரி படியிறங்குகிறபோது, கஞ்சி குடிக்கிறபோது, படுத்து எழுகிறபோது என்று தனித்தனியாகப் படம் பிடித்து வைத்திருந்தான். டாக்டரம்மா அதை மூன்று தரம் ஓட விட்டுப் பார்த்துவிட்டு, இடது தோளைத்தான் முதலில் தொட்டார். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ‘யாரு தம்பி உனக்கு இதைச் சொல்லிக்குடுத்தது?’ என்று கேட்டாராம். ‘யாரும் சொல்லலீங்க டாக்டர், தலையைத் தூக்கித் தூக்கி நடந்துச்சு, அதான் எடுத்தேன்’ என்றானாம். இந்த வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு அந்தியூருக்குப் போகிறேன்.